எல்லாவற்றுக்கும் ‘இல்லை’

என் வக்கீலுக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம், முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. கண்ணுக்கு வெளிச்சம் போதவில்லையென்று தையல் மெஷினை ஜன்னலோரம் நகர்த்திவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை உன் தம்பி வந்து ஊசியில் நூல் கோத்துக் கொடுத்துவிட்டு, பெரிய உபகாரம் செய்தவன் போல இரண்டு தடவை காபி கேட்கிறான்.

உன் கடிதம் வந்து ஒன்பது நாள் ஆகிறது. பதிலை நாலு தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன். சிறப்பு வகுப்புக்குக் கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்க, என் பேத்திக் குட்டியின் பள்ளிக்கூடத்தில் உன்னிடம் கொடுத்த கேள்விகளை வரிசையாக எழுதியிருந்தாய். கடைசியில் ஒரு வரி: ‘இதெல்லாம் சின்ன வயசுல நான்தானேம்மா? என்னைப் பத்தி யாருமே கேக்கலையா?’

கேட்டார்கள்டி. என்னிடம்தான் கேட்டார்கள்.

அப்போது உனக்கு ஒன்பது வயது. அப்பா போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அந்த மாதம் மட்டும் பள்ளியிலிருந்து என்னை இரண்டு முறை கூப்பிட்டு அனுப்பினார்கள். கரும்பலகையில் போட்ட கணக்கு தப்பு என்று நீ எழுந்து நின்று சொன்னதற்கு ஒரு முறை; வகுப்புக் கடிகாரத்தைப் பிரித்துப் பெஞ்சில் பரப்பியதற்கு ஒரு முறை. நீ மறுபடி மாட்டியதும் அது சரியாகத்தான் ஓடியது, அதை யாரும் சொல்லவில்லை. மூன்றாவது முறை டீச்சர் ஒரு அச்சடித்த தாளைக் கொடுத்து நிரப்பச் சொன்னார். ஓயாமல் கேள்வி கேட்கிறாளா? பெரியவர்களோடு வாதாடுகிறாளா? பொருள்களைப் பிரித்துப் பார்க்கிறாளா? இப்படி இருபது. எனக்கு அது குற்றப்பத்திரிகையாகத்தான் தெரிந்தது. உன்னைப் பள்ளியை விட்டே அனுப்பிவிட்டால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வேன்? இருபதுக்கும் ‘இல்லை’ என்று டிக் போட்டேன்.

டீச்சர் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றுகூடவா இல்லை என்று கேட்டார். என் பெண் வாயே திறக்க மாட்டாள் என்று பெருமையாகச் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் உன்னைப் பிடித்து உலுக்கினேன். ‘இனிமே ஏன், எதுக்குன்னு வாயத் தொறந்தே, தெரியும் சேதி.’ உனக்கு ஞாபகம் இருக்கும். வக்கீல் என்று அப்பா வைத்த செல்லப் பெயரில் கூப்பிடுவதையும் அன்றோடு நிறுத்தினேன்.

அதுவரை செய்தது தெரியாமல் செய்தது. அடுத்த வருஷம் அதே டீச்சர், ரவிக்கை தொளதொளவென்று இருக்கிறது, பிடித்துத் தைத்துக் கொடுங்கள் என்று என்னிடம் வந்தார். நான் இடுப்பில் குண்டூசி குத்திக்கொண்டிருந்தபோது பேச்சுவாக்கில் சொன்னார்: ‘கெட்டிக்காரப் பிள்ளைங்களைத் தேடத்தான் அந்தத் தாள். உங்க பொண்ணு பேரைத்தான் முதல்ல எழுதியிருந்தேன். நீங்க இல்லைன்னதும் அடிச்சிட்டேன்.’ வேண்டுமானால் இந்த வருஷம் மறுபடி பார்க்கலாம் என்றும் சொன்னார். என் வாயில் நாலு குண்டூசி. அதைச் சாக்காக வைத்து ஒன்றும் பேசாமல் குனிந்துகொண்டேன். பொய் எழுதினேன் என்று ஒப்புக்கொள்ள வெட்கம். அதற்குள் நீயும் அடங்கிவிட்டிருந்தாய். தங்கமான பிள்ளை என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். பாவி எனக்கு அது பிடித்திருந்தது.

இன்று நீ ஆபீசில் யார் யாரோ எழுதிய காகிதங்களை வரிசைப்படுத்தி அலமாரியில் அடுக்குகிறாய். கௌரவமான வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் போன தடவை வந்தபோது, என் மெஷினில் தையல் விட்டுவிட்டு விழுவதைப் பார்த்து நீயாகவே பிரித்துச் சரிசெய்தாயே. செய்துவிட்டு, ‘சாரிம்மா, கேக்காம தொட்டுட்டேன்’ என்றாயே. அன்று சமையலறைக்குள் போய் அழுதேன்.

குட்டிக்கு அந்த வகுப்பு வேண்டாம், நாமெல்லாம் சாதாரண ஆட்கள் என்று எழுதியிருக்கிறாய். அந்தச் சாதாரணம் நான் அளவெடுக்காமல் உனக்குத் தைத்துப் போட்டது. அவளுக்கும் மாட்டிவிடாதே. மாதக் கடைசிக்குள் அந்தத் தாளை நிரப்பிக் கொடு. வாயாடி என்றால் வாயாடி என்றே எழுது.

என்னை மன்னிப்பதும் மன்னிக்காததும் உன் இஷ்டம். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்பதைத் தவிர இத்தனை வருஷத்தில் நீ என்னிடம் கேட்ட ஒரே கேள்வி அந்தக் கடைசி வரிதான். அது எனக்குப் போதாது. ஏன் செய்தாய், எப்படி மனசு வந்தது, எல்லாம் கேள். வாதாடு. இந்தத் தடவை வாயில் ஊசி இல்லாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அம்மா