முதலில் நீங்கள் சொன்ன ஆமாம்

சம்பந்தியம்மா,

தெருமுனையில் இன்று தள்ளுவண்டியில் முந்திரிப்பழம் வந்திருந்தது. அந்த வாசனை வாசல் வரை வந்ததுமே உங்களைக் கூப்பிடலாம் என்று செருப்பை மாட்டிவிட்டேன். இரண்டு தெரு தள்ளி உங்கள் வீடு பூட்டிக் கிடப்பது அப்புறம்தான் உறைத்தது. நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. கால் இன்னும் பழக்கத்தை விடவில்லை.

பெண்ணைக் கொடுத்தவள் நான், பிள்ளையைப் பெற்றவர் நீங்கள். நமக்குள் வெகுகாலம் மரியாதைதான் இருந்தது, நெருக்கம் இல்லை. கம்மாபுரத்தில் நிலமும் வீடும் சுரங்கத்துக்குப் போனபின் நீங்கள் விருத்தாசலத்துக்கே குடிவந்தீர்கள். பீங்கான் ஆலையில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர் அடுத்த வருடமே தவறிப்போனார். உங்கள் பிள்ளையும் என் பெண்ணும் பெங்களூரில்.

ஒருத்திக்குச் சோறு வடிப்பதே எனக்குப் பெரிய வேலையாகிப் போனது. விடியும் முன்பே விழிப்பு வந்துவிடும், எழுந்திருக்க மனம் வராது. வயதானால் இப்படித்தான் என்று இருந்துவிட்டேன். என் குரலை வைத்தே மகள் ஏதோ கண்டுபிடித்து உங்களிடம் சொல்லியிருக்கிறாள். மறுநாள் வாசலில் ஆட்டோவோடு நின்றீர்கள். சுகர் பார்க்கப் போவதாகவும் துணைக்கு வர வேண்டும் என்றும் சொன்னீர்கள்.

ஆஸ்பத்திரியில் சுகரும் பிரஷரும் பார்த்த பிறகு, பெரியவர்களிடம் மனசைப் பற்றியும் கேட்பதாக நர்ஸம்மா சொன்னார்.

"வாழ்க்கை வெறுமையா இருக்கற மாதிரி தோணுதாம்மா?"

நான் உங்களைத் திரும்பிப் பார்த்தேன். "அதெல்லாம் இல்லைங்க. எனக்கென்ன கொறை?"

மாப்பிள்ளையின் அம்மா எதிரில் வேறென்ன சொல்வது? பெற்ற பெண் சரியாகக் கவனிக்கவில்லை என்று நீங்கள் நினைத்துவிட்டால்? தூக்கம், பசி, அழுகை என்று அவர் கேட்டதற்கெல்லாம் நன்றாக இருப்பதாகவே சொன்னேன்.

நீங்கள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டீர்கள்.

"அவங்க என்னைப் பாத்துட்டுச் சொல்றாங்கம்மா. நான் வெளியில போயிடறேன். அதுக்கு முன்னாடி என்னைக் கேட்டுடுங்க."

அதே கேள்விதான். நீங்கள் ஆமாம் என்றீர்கள்.

"புது வூட்டுல எந்த மூலையில உக்காந்தாலும் அடுத்தவங்க வூட்டுல உக்காந்த மாதிரியே இருக்குது. போய்ச் சேந்துட்டா தேவலாம்னு சில நாளு தோணுதும்மா."

எந்தக் கூட்டத்திலும் உங்கள் சிரிப்புத்தான் முதலில் கேட்கும். அப்படிப்பட்ட நீங்கள்தான் இதைச் சொன்னீர்கள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனீர்கள். என்னை மறுபடி கேட்கச் சொன்னேன். இந்த முறை ஒன்றையும் மறைக்கவில்லை.

டாக்டர் நம்மைத் தனித்தனியாகக் கூப்பிட்டு வெகுநேரம் பேசினார். உங்கள் பிள்ளையை உடனே ஊருக்கு வரச் சொன்னார். இது வயதின் குணமில்லை, நோய், சரியாகும் என்றார். சட்டென்று சரியாகவில்லை. மாத்திரை ஒத்துக்கொள்ளவே சில வாரம் பிடித்தது. சாயங்காலங்களில் ஜங்ஷன் பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். உங்கள் கொல்லையில் நின்ற மரங்களை நீங்கள் ஒவ்வொன்றாகச் சொல்வீர்கள். நான் என் வீட்டுக்காரரைப் பற்றிப் பேசுவேன். ரயில் கூவினால் நிறுத்திவிட்டு, போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வோம்.

ஒருநாள் உள்ளே வந்ததுமே, "பசிக்குது, எதுனா இருக்குதா?" என்று நேராக அடுப்படிக்குள் போனீர்கள். சம்பந்தி வீட்டு அடுப்படிக்குள் கேட்காமல் நுழைந்தது அன்றுதான். நீங்கள் தேறிவிட்டீர்கள் என்று எனக்கு அப்போதுதான் நம்பிக்கை வந்தது.

அதன்பிறகு நல்ல வருடங்கள் சில கிடைத்தன. கடைசியில் நெஞ்சுவலி வந்தபோது பிள்ளையும் மருமகளும் பக்கத்தில் இருந்தார்கள். அது ஒரு ஆறுதல். ஆனாலும் சாயங்காலம் ஆனால் எனக்குப் போக இடமில்லை.

சற்று முன் மகள் போன் செய்து, எப்படி இருக்கிறாய் என்று கேட்டாள்.

"இன்னிக்கு நல்லா இல்லடி. உங்க அத்தை ஞாபகமாவே இருக்குது."

"எனக்கும்தாம்மா," என்றாள்.

இருவரும் போனை வைக்கவில்லை.