காற்றுக்குக் கொடுத்த டிக்கெட்

சிட்டுவுக்கு,

இன்று புதன்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, அப்பாவின் ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் கிருமிகளோடு சண்டை போடும் வெள்ளை அணுக்கள் அறுநூற்று இருபது. சொன்னது, ஆஸ்பத்திரி பரிசோதனைக் கூடத்தில் கையால் எண்ணும் டெக்னீஷியன் பெண். டாக்டரும் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார். நேற்று ஐந்நூற்று நாற்பது. அந்த அளவுக்கு இங்கே நாங்கள் நலம். உன் நலத்தை நீயே சொன்னால்தான் எனக்கு உறுதி.

போனில் சொல்லாமல் இதை எழுதிப் படம் பிடித்து அனுப்புவதற்குக் காரணம் உண்டு. சனிக்கிழமை நான் உனக்கு அனுப்பிய செய்தி தவறு. அப்பாவுக்காக நீ கொடுத்த ரத்த மூலச் செல்கள் அவர் உடம்பில் பிடித்துவிட்டன, என் கண்ணாலேயே பார்த்தேன் என்று அனுப்பினேன் அல்லவா, அன்று ஒன்றும் பிடித்திருக்கவில்லை. கிளம்பும்போது வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, ஆறுதல் வேண்டாம்மா, உறுதியானதை மட்டும் சொல்லு என்று கேட்டவள் நீ. முப்பத்தோரு வருஷமாக, இரண்டாவது ஆளிடம் கேட்காமல் பத்திரிகைக்கு ஒரு வரி கொடுக்காதவள் நான். அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

அணுக்கள் இவ்வளவு குறைவாக இருக்கும்போது இங்கே மெஷினை நம்புவதில்லை. கண்ணுக்குத் தெரியாத கட்டங்கள் கீறிய கண்ணாடித் தகட்டில் ஒரு துளி விட்டு, மைக்ராஸ்கோப்பில் கட்டம் கட்டமாகப் பார்த்து, ஒவ்வொரு செல்லுக்கும் கையிலுள்ள சின்னக் கருவியை ஒரு தட்டு தட்டுவார்கள். நான் தினமும் வாசலில் நின்று கேள்வி கேட்டுத் துளைத்ததில் அந்தப் பெண், வெளியே நின்னு என் உயிரை வாங்குறதுக்கு உள்ளே வந்தே பாருங்கம்மா என்று கூப்பிட்டுவிட்டாள். சனிக்கிழமை அவள் போன் எடுக்கப் போன நேரத்தில் நான் குனிந்து பார்த்தேன். கட்டத்தின் நடுவில் காம்பஸ் வைத்துப் போட்டதுபோல ஒரு வட்டம், ஓரமெல்லாம் கறுப்புக் கோடு, நடுவில் வெளிச்சம். என் பிள்ளையின் செல் எவ்வளவு அழகாக இருக்கிறது என்று வராந்தாவுக்கு ஓடி வந்து உனக்கு அனுப்பிவிட்டேன். திரும்பிப் போனால் அவள் பார்த்துவிட்டு, அது செல் இல்லம்மா, காத்துக் குமிழி, முதல்ல வர்றவங்க எல்லாரும் அதைத்தான் ரசிப்பாங்க என்றாள். அன்றைய எண்ணிக்கை நாற்பது. அதற்குள் நீ ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்து அழுததாகப் பதில் போட்டிருந்தாய். அதைப் படித்த பிறகு எனக்குத் திருத்தம் போட மனசு வரவில்லை. நான்கு நாள் கமுக்கமாக இருந்துவிட்டேன், மன்னித்துக்கொள். அப்பாவிடம் மட்டும் அன்றே சொன்னேன். இருபத்தெட்டு வருஷம் கண்டக்டராக இருந்தவர் அல்லவா, காத்துக்கெல்லாம் டிக்கெட் கிழிச்சுக் கொடுத்திருக்கியே, செக்கிங்ல மாட்டினா நீதான் பதில் சொல்லணும் என்றார். வாயெல்லாம் புண், சிரிக்க முடியவில்லை, தோள் மட்டும் குலுங்கியது.

இன்று அவள் பக்கத்தில் நின்று காட்டினாள். நிஜச் செல் சரியான வட்டம்கூட இல்லை. ஓரம் கொஞ்சம் கோணல், உள்ளே ஊதா நிறத்தில் கரு, அதுவும் இரண்டு மூன்று மடிப்பாக. கிருமியைச் சுற்றி வளைத்து விழுங்குவது இதுதானாம். அவளிடம் கேட்டதை டாக்டரிடமும் கேட்டு எழுதுகிறேன். உயிருள்ளது எதுவானாலும் செல்லால் ஆனதுதான், அப்பாவின் ஜன்னலுக்கு வெளியே தெரிகிற மரமும் சரி, அப்பாவும் சரி. ரொட்டி மாவைப் பொங்க வைக்கும் ஈஸ்ட்டுக்கு ஒரே ஒரு செல்தான் மொத்த உடம்பும். அந்தச் சின்ன இடத்துக்குள் சாப்பாடு, மூச்சு, கழிவு, என்ன செய்யவேண்டும் என்கிற குறிப்பு, எல்லாம் இருக்கிறது. ஒன்று இரண்டாகப் பிரிந்துதான் அடுத்தது வருகிறது, வேறு எங்கிருந்தும் வருவதில்லை. நீயும் ஆரம்பத்தில் ஒற்றைச் செல்லாகத்தான் எனக்குள் இருந்தாய். அதில் பாதி அப்பா கொடுத்தது. இந்த வயதில் இதை எண்ணி ஒரு மணி நேரம் வராந்தாவில் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பதினேழு நாளுக்கு முன் உன் கையிலிருந்து எடுத்து அவர் கழுத்து நரம்பில் ஏற்றினார்களே, ஒரு டம்ளர்கூட இல்லாத அந்த வெளிர்சிவப்புத் தண்ணீர், அதிலிருந்த செல்களுக்கு யாரும் வழி சொல்லவில்லை. ரத்தத்தோடு சுற்றி, எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளுமாம். அப்பாவுக்கு இதில்தான் பெரிய ஆச்சரியம். என் பஸ்ல தினம் வர்ற ஆளே ஸ்டாப்பை விட்டுட்டுத் தூங்குவான், இதுங்க போர்டுகூட இல்லாத ஊர்ல கரெக்டா இறங்குதே என்று நர்ஸிடமெல்லாம் சொல்கிறார். போகப்போக அவருடைய ரத்த வகையே உன்னுடையதாக மாறிவிடும் என்று டாக்டர் சொன்னதற்கு, அவ கோபமும் சேர்ந்து வருமா டாக்டர் என்று கேட்டார்.

செல் எடுப்பதற்கு முன் போட்ட ஊசியால் வந்த அந்த எலும்பு வலி உனக்கு நின்றுவிட்டதா என்று எழுது. தண்ணீர் நிறையக் குடி, காலையில் வெறும் காபியோடு ஓடாதே. உன்னுடைய ரத்தப் பரிசோதனை இருபதாம் தேதி, மறந்துவிட்டேன் என்று கதை விடக்கூடாது, ரிப்போர்ட்டை எனக்குப் படம் பிடித்து அனுப்பு.

நிலுவையில் இருப்பவை இரண்டு. ஐந்நூறுக்கு மேல் மூன்று நாள் தொடர்ந்து நின்றால்தான் பிடித்துவிட்டது என்று எழுதுவார்கள். மூன்றாவது நாள் நாளை, பத்தேகால் மணி. வந்திருப்பவை உன்னுடையவைதானா, அவருடைய பழையவையா என்பதற்குத் தனிப் பரிசோதனை, செல் ஏற்றியதிலிருந்து முப்பதாவது நாள், அதாவது வருகிற செவ்வாய்க்கு அடுத்த செவ்வாய். அதுவரை யாராவது வாழ்த்துச் சொன்னால் வாங்கிக்கொள்ளாதே. நாளைக்கு எந்த எண் வந்தாலும் கூட்டாமல் குறைக்காமல், வேறு ஒரு வார்த்தையும் சேர்க்காமல் அனுப்புகிறேன். அப்பா, எண்ணைத் தன் அறையின் கண்ணாடிக் கதவில் பெரிதாக எழுதி ஒட்டச் சொல்லி இப்போதே பேப்பர் கேட்டிருக்கிறார்.

உடம்பும் மனசும் தெம்பாக இரு, என் கண்ணே. எங்கள் இருவருடைய ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு, அதற்கு எந்த டாக்டரின் கையெழுத்தும் வேண்டாம்.

அம்மா