கூடுதுறையில் கரையாத மிச்சம்

என் மரகதக் கண்ணுக்கு,

இன்று காலை ஆஸ்பத்திரி ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் கைப்பையைக்கூட வைக்காமல் உன்னைத்தான் பார்க்கப் போனேன். உன்னை என்று சொல்வது சரியா? உன் மண்டையோட்டின் அடியில், மூக்குக்குப் பின்னால் வளர்ந்த கட்டியிலிருந்து எடுத்த செல்கள் அவை. நீ போய் வருஷம் திரும்பப்போகிறது. கண்ணாடிக் குடுவைக்குள், இளஞ்சூட்டில், அவை இன்னும் பெருகிக்கொண்டிருக்கின்றன. நுண்ணோக்கியில் பார்த்தால் குமிழி குமிழியாக, அழகாகவே இருக்கின்றன. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் நீ சொன்னாயே: "வெட்டறத வீசிப்போடாதீங்க டாக்டர், எங்கக்காகிட்டக் குடுத்துருங்க. என்ற பையனையே அவதான் வளத்தறா, இதையும் வளத்தட்டும்." வார்டே சிரித்தது.

வளர்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். தாய் வயிற்றில் நாம் உருவாகும்போது, முதுகெலும்புக்கு முன்பாக ஒரு மெல்லிய நாண் தோன்றிப் பிறகு மறைந்துவிடும். உன்னில் அதன் துணுக்கு ஒன்று தங்கிவிட்டது. இத்தனை வருஷம் தூங்கியதை எந்த மரபணு எழுப்பிக் கட்டியாக்கியது? அதைத்தான் இந்தச் செல்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நேற்று அம்மா, உன் திதிக்கு, உன் சாம்பலைக் கரைத்த பவானி கூடுதுறைக்குப் போகச் சாமான் எடுத்துவைத்தவள், சட்டென்று நிமிர்ந்தாள்.

"ஏங்கண்ணு, அவளுது ஏதாச்சும் உங்க ஆஸ்பத்திரில மிச்சம் இருக்குதா?"

"ஏனுங்கம்மா கேக்கறீங்க?"

"கனாவுல வந்து, எல்லாத்தையும் கரைச்சுப்போட்டீங்களாம்மான்னு கேக்கறா சாமி. இருந்தாக் கொண்டா. மிச்சம் வெச்சா அவ எப்புடிப் போவா?"

அந்தச் செல்களை வெளியே எடுப்பதென்றால் முதலில் மருந்து ஊற்றிக் கொல்ல வேண்டும். இருப்பது இந்த ஒரு குடுவைதான். ஆய்வும் அதோடு முடிந்துபோகும். உன்னைக் கொன்றதைக் கொல்ல என் கை ஏன் வரமாட்டேன் என்கிறது? குடுவையில் இருப்பது நீயா, அதுவா?

நான் எடுத்த முடிவை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. நாளை அம்மாவை இங்கே அழைத்துவந்து பார்க்கவைக்கப் போகிறேன். எங்கிருந்து வந்தது என்று கேட்பாள். உங்கள் வயிற்றில் தொடங்கியதுதான், யார் தப்பும் இல்லை என்று சொல்வேன். பிறகு கரைக்கச் சொன்னால் என் கையாலேயே மருந்தை ஊற்றுவேன். இருக்கட்டும் என்றால் வளர்ப்பேன். அவளுக்குத் தெரியாமல் மட்டும் உன்னை வைத்திருக்க மாட்டேன்.

அதே வயிற்றில் பிறந்த
உன் அக்கா