மூன்றாம் தூணின் வரலாறு

மார்ச் 4, வியாழன்

கடும் வெயில். துறைமுகப் பக்கம் காற்றே இல்லை. குடை திருத்தக் கொடுத்தது, இன்னும் எடுக்கவில்லை.

மாலை மாதா கோயில் சபைக் கூட்டம். பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு வந்து, சுவாமியார் எங்களைப் பார்த்து நின்று பூசை வைக்கத் தொடங்கிய நாள் முதல் தூண்கள் பீடத்தை மறைக்கின்றன என்று முறைப்பாடு. அதுவரை அவர் முதுகு யாருக்கும் குறையாகத் தெரியவில்லை. முடிவு: வலப்பக்க மூன்றாம் தூணைப் பாஸ்காத் திருநாளுக்கு முன் எடுப்பது. ஆனால் அது பழைய தூணா, கூரை சரியாமல் பிறகு கொடுத்த முட்டா? சபை மூப்பர் என்னைப் பார்த்தார். "மாஸ்டர் சரித்திரம் படிப்பிச்சவர். பாத்துச் சொல்லட்டும்."

நான் படிப்பித்தது ரோமாபுரி.

அந்தத் தூணின் பின்னால்தான் என் தங்கை றீற்றா இருப்பாள். கிளிவெட்டிச் சைவக்காரர் ஒருவரைக் அரசாங்கக் கச்சேரியில் பதிவுத் திருமணம் முடித்தவள். கோயிலில் கட்டாததால் பூசையில் அப்பம் வாங்கி நன்மை எடுக்க ஏலாது. எல்லோரும் நன்மைக்கு எழும்பிப் போக, அவள் மட்டும் இருப்பாள். தூண் மறைக்கும். தூண் போனால் அவளும் வரமாட்டாள். கூட்டத்தில் சொல்லக்கூடிய காரணமல்ல.

மார்ச் 6, சனி

விசாரணை.

மணி அடிக்கும் சூசை: போத்துக்கீசர் கட்டினது.
பலசரக்குக்கடை பீலிஸ்: ஒல்லாந்தர். (ஒல்லாந்தர் எங்கள் சாமிமாரைத் துரத்தியவர்கள். இருந்தும் இந்த ஊரில் சுவர் தடிப்பாக இருந்தால் அது அவர்கள் வேலை.)
சுவாமி: இங்கிலீசுக்காரன் காலத்தில் பிரெஞ்சுச் சாமியார் ஒருவர். ஆதாரம்? "அப்பிடித்தான் கேள்வி, மாஸ்டர்."

கட்டிடத்தையே பார்த்தேன். முகப்பு போத்துக்கீசச் சாயல். யன்னல் வளைவு பிரெஞ்சு. ஓடு கள்ளிக்கோட்டை. தரைக்கல் கோட்டையில் கழற்றியது போல. நாலு பேரும் ஒருவரையொருவர் கேட்காமல் கட்டியிருக்கிறார்கள். தூண்கள் மட்டும் ஒரே வெள்ளைப் பூச்சு, காலம் தெரியாது. கொண்டுபோன குழப்பத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டு வந்தேன்.

மார்ச் 8, திங்கள்

குறிஞ்சாக்கேணி மேசன் ஹனிபா நானா வந்தார். தூண்களைத் தட்டினார். மற்றவை கல். மூன்றாவதில் வேறு சத்தம். சாந்தைக் கொத்தினார். உள்ளே கறுத்த மரம், தார் மணம்.

"கப்பல் பாய்மரம் போல கிடக்கு."

"கூரையைத் தாங்குதோ?"

"தாங்குது எண்டும் சொல்லலாம். கூரைதான் இத விழாமப் பிடிச்சிருக்கு எண்டும் சொல்லலாம். எடுத்தாத் தெரியும்."

"எடுத்தபிறகு தெரிஞ்சு?"

"அப்ப உங்களுக்கு மட்டுமில்ல மாஸ்டர், எல்லாருக்கும் தெரியும்."

மார்ச் 9, செவ்வாய்

கூட்டம். நான் சொன்னது: பாய்மரமாக இருக்கலாம், எந்தக் கப்பல், எந்தக் காலம், தெரியாது. மூப்பர் கூட்டக் குறிப்பில் எழுதியது: புயலில் தப்பிய போத்துக்கீச மாலுமி நேர்த்திக்கடனாக வைத்த பாய்மரம்.

"புயல் எங்கயிருந்து வந்தது?"

"கப்பல் எண்டால் புயலும் இருக்கும்தானே, மாஸ்டர்."

நேர்த்திப் பொருளை எடுக்க யாருக்கும் துணிவில்லை. தூண் தப்பியது. கொத்திய இடத்துக்குக் கண்ணாடி போடுவதாம். வரலாற்றுக்கு விரோதமாக ஒரு சந்தோசம். றீற்றாவிடம் எதுவும் சொல்லவில்லை.

மார்ச் 14, ஞாயிறு

கோயில் நிறைய சனம். உப்புவெளியிலிருந்தும் வந்திருந்தார்கள். பீடத்தைப் பார்க்க அல்ல. மூன்றாம் தூணைச் சுற்றி மெழுகுதிரி, தொட்டு முத்தமிடுவோர், பிள்ளையைத் தூக்கிக் காட்டுவோர். ஒருத்தி ஒளிந்திருக்கட்டும் என்று நான் காப்பாற்றிய மூலையில் ஊரே நின்றது.

றீற்றா ஓடியிருப்பாள் என்று நினைத்தேன். இல்லை. முக்காடு தோளில். இரண்டு பெண்களுக்கு விளக்கம்: "கொஞ்சம் தள்ளி நிண்டு பாருங்கோ. மூண்டு நாள் புயல். மாதா காட்சி குடுத்தவ."

மூன்று நாளும் மாதாவும் எனக்குப் புதிது.

வெளியில் பிடித்துக் கேட்டேன். "இத்தனை சனம். உனக்குக் கரைச்சலாயில்லையோ?"

"என்ன கரைச்சல்? நான் நன்மை எடுக்கிறேல்லை எண்டு தெரியாத ஆள் ஆர் அண்ணை இஞ்ச?" செருப்பைத் தேடிப் போட்டாள். "தூணை எடுக்கப்போகினம் எண்டு கேள்விப்பட்டு நான் சந்தோசப்பட்டனான். இருந்த இடத்திலயே பீடம் தெரியும் எண்டு. ஆரோ குழப்பிப்போட்டினம்."

அவள் பஸ்ஸுக்குப் போனாள். நான் திரும்ப உள்ளே போய் அவள் இடத்தில் இருந்து பார்த்தேன். தூண் தெரிந்தது.