ஓசிப் பேப்பரில் என் பெயர்

8 நவம்பர், திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். பெரியார் பஸ் நிலையத்தில் இறக்கிய கட்டு பாதி நனைந்தது. யாருக்கும் வருத்தமில்லை. காசு கொடுக்காமல் எடுக்கும் பேப்பர்தானே.

டீக்கடையில் ஒருவன் இன்னொருவனிடம்: "செய்தி படிக்கவா எடுக்குறோம் மாப்ள? வட எண்ணெய ஒத்தி எடுக்க இம்புட்டு வாட்டமா வேற எந்தப் பேப்பரு இருக்கு?" என் தலையங்கத்தில் வடையை வைத்து அமுக்கினான். பக்கத்தில் நின்றுதான் டீ குடித்தேன்.

முதலாளியிடம் மறுபடி கேட்டேன். (இனி மு. போதும். முழுச் சொல் எழுதக் கசக்கிறது.) கடைசிப் பக்க அடியில் 'ஆசிரியர்' என்று அவர் மருமகன் பெயர் வருகிறது. மருமகன் மு.வின் பாத்திரக்கடையில் எவர்சில்வர் விற்கிறான். பேப்பர் முழுக்க எழுதுவது நான். கார்த்திகை ஒன்று முதல் என் பெயராம். "போட்டுருவோம் சார். எங்க போயிரப்போவுது?"

9 நவம்பர்

வெயில். ஜலதோஷம்.

இந்தப் பேப்பர் பிறந்த விதம்: பெரிய தினசரி ஒன்று மு.வின் தீபாவளி விளம்பரத்தை உள்பக்க மூலையில் தள்ளியது. அந்தக் கோபத்தில் பழைய அச்சு இயந்திரம் வாங்கினார். லட்சியம் அவ்வளவே. நான்கு பக்கம்; மூன்று விளம்பரம். மிச்சத்தில் மல்லிகை விலை, மின்தடை, சினிமா, நான்.

அதே தினசரியில்தான் எனக்கு வரவேண்டிய செய்தி ஆசிரியர் நாற்காலி, என்னிடம் வேலை கற்றவனுக்குப் போனது. ஆக மு.வையும் என்னையும் சேர்த்தது ஒரே வயிற்றெரிச்சல்.

மாலை, உசிலம்பட்டியிலிருந்து காதணி விழா விளம்பரம். ஞாயிறு விழா. தாய்மாமன்கள்: விருமாண்டி, பாண்டி, அழகர். போன மாதம் ஒரு கல்யாண விளம்பரத்தில் யார் பெயர் முதலில் என்று ரகளை. எதற்கு வம்பு? அகரவரிசையில் மாற்றினேன். அழகர், பாண்டி, விருமாண்டி. எவனும் வாய் திறக்க முடியாது.

11 நவம்பர், வியாழன்

விளம்பரம் வந்தது. அச்சு சுத்தம். பாராட்ட ஆளில்லை.

12 நவம்பர்

வாய் திறந்துவிட்டார்கள்.

பிள்ளையின் அப்பா அலுவலகத்தில் வந்து அழாத குறை. விருமாண்டிதான் மூத்தவர். கடைசியில் தன் பெயரைப் பார்த்ததும் சீர் சாமான் வாங்கக் கிளம்பிய வண்டியைப் பாதி வழியில் திருப்பிவிட்டாராம். அழகர் கடைக்குட்டி. அவன் சும்மா இருந்தானா? "பேப்பர்லயே எம் பேருதான் மொதல்ல. பிள்ள எம் மடியிலதான் ஒக்காரும்" என்று பேப்பரும் கையுமாகத் தெருவில் நடக்கிறானாம்.

பின்னாலேயே விருமாண்டி வந்தார். வேட்டியை மடித்துக் கட்டியபடி. அகரவரிசை என்றால் என்ன என்று விளக்கினேன்.

"அ மொதல்ல வரும்னு எனக்கும் தெரியும்யா. எங்க ஆத்தா மொதல்ல பெத்தது என்னைய. அத மாத்த நீ யாரு?"

மு. நெளிந்தார். "அண்ணே, தப்புத்தான். வருத்தம் போட்டுருவோம்."

"மொதப் பக்கத்துல வரணும். மொட்டையாப் போடக் கூடாது. ஆசிரியரு பேரோட போடுங்க. இல்லேன்னா ஞாயித்துக்கெழம காது குத்து கெடையாது."

கடையிலிருந்து வந்திருந்த மருமகன் குறுக்கே விழுந்தான். "மாமா, எம் பேரு வேணாம். நம்ம கடைக்கு உசிலம்பட்டிச் சனந்தான் அம்புட்டும் வருது."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மு. வாயெல்லாம் பல். "சாரு ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காரு."

விருமாண்டி என் பெயரைக் கேட்டார். இரண்டு முறை சொல்லவைத்தார்.

கார்த்திகையிலிருந்து தொடர்ந்து வருமா என்று பிறகு மு.விடம் கேட்டேன். "இப்போதைக்கு இது ஒண்ணு போதும் சார். சனம் மறக்கட்டும்."

13 நவம்பர், சனி

வந்துவிட்டது. முதல் பக்கம், பேப்பர் பெயருக்குக் கீழே கட்டம் கட்டி. "தாய்மாமன்மார் வரிசையை மாற்றியது ஆசிரியரின் பிழை. வருந்துகிறோம்." அடியில் என் பெயர், எம்.ஏ.வுடன். விருமாண்டி நூறு பிரதி கேட்டு வாங்கிப் போனார். விழாப் பந்தலில் ஒட்டுவாராம். பிள்ளை அவர் மடியில்தான்.

மு.வுக்கு ஒரே ஆத்திரம். என் பெயரைச் சின்ன எழுத்தில் போடச் சொல்லியிருந்தார். அச்சுக் கோப்பவரிடம் நான்தான் நின்று, இருப்பதில் பெரிய எழுத்தை எடுத்துக் கொடுத்தேன்.