மூன்றாவது மடிப்பு

1909 நவம்பர் 3, புதன்

அம்மாவுக்குப் பேச்சு நின்று இன்றோடு இரண்டு மாதம். வலது கையும் எழவில்லை. எதைக் கேட்டாலும் "தா, தா" என்கிறாள்.

அம்மாவைப் பார்க்கும் வங்காளி டாக்டர் லாஹிரி பாபுவின் இங்கிலீஷ் கடிதத்தை நீட்டி, "பி.ஏ.க்காரி, இதைத் தமிழ் பண்ணு" என்றார் வாஞ்சிச் சித்தப்பா. யாருக்கு என்று கேட்க வாய் வரவில்லை. எனக்கு எப்போதுதான் வந்தது? 'ப்ரோக்காஸ் கன்வொலூஷன்' கெட்டுப் பேச்சுப் போயிற்று என்று ஒரு வரி. அகராதியில் 'ப்ரோக்கா' என்ற சொல் இல்லை. தெரியவில்லை என்று சொல்ல வெட்கம் - இந்த வீட்டின் முதல் பி.ஏ. அல்லவா? 'மூளைக் கோளாறு' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

நவம்பர் 6, சனி

நான் தமிழ் பண்ணின கடிதம் கும்பகோணம் போயிருக்கிறது. அப்பாவுக்குப் பெண் கேட்டு!

வெங்கடசுப்ரமணியன் என்று ஒருவர். அவர் பெண்ணுக்குப் பதினாலு வயசு. எனக்கு இருபத்திரண்டு.

"சித்தம் கலங்கினவளைப் பக்கத்துல வெச்சுண்டு சிராத்தம் எப்படிப் பண்றது? சாஸ்திரத்துலயே இடம் இருக்கு. விஜயாவே எழுதிக் கொடுத்திருக்காளே" என்கிறார் சித்தப்பா. அப்பா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, "மெதுவாப் பேசேண்டா வாஞ்சி" என்றார். "மன்னிக்கு என்ன புரியப் போறது!" இது சித்தப்பா.

அம்மா இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தாள். தட்டை இடது கையால் தள்ளினாள். சோறெல்லாம் தரையில். "பாத்தேளா, பைத்தியம்தான்" என்றார் சித்தப்பா.

பதினோரு வயதில் தாலி அறுத்து வந்த என்னை ஊர் வாயை அடைத்துப் பள்ளிக்கூடம் அனுப்பியவள் அவள். அந்தப் படிப்பால் அவளுக்கு நான் செய்தது இது.

நவம்பர் 7

அப்பாவுக்குக் காபி கொடுக்கவில்லை. தானே கலந்துகொள்ளட்டும்.

நவம்பர் 9, செவ்வாய்

தனியாக டிராம் ஏறி லாஹிரி பாபுவிடம் போனேன். அந்தச் சொல் தெரியாது என்று முதல் தடவையாக ஒருவரிடம் சொன்னேன். சிரிப்பார் என்று பயந்தேன். பென்சிலை எடுத்து ஒரு மூளை வரைந்தார். அக்ரோட்டுப் பருப்பு போல மடிப்பு மடிப்பாக. இடது நெற்றிக்கு உள்ளே மூன்றாவது மடிப்பைக் கறுப்பாக்கினார்; கன்வொலூஷன் என்றால் மடிப்புதானாம். ப்ரோக்கா என்பது அதைக் கண்டு சொன்ன பிரெஞ்சு வைத்தியரின் பெயர். அதன் எல்லை எதுவரை என்று பாரீசில் இன்னும் சண்டையாம். "ஆனால், மா, அது ஒரு இடத்தின் பெயர். பைத்தியத்தின் பெயர் இல்லை. உன் அம்மாவுக்கு எல்லாம் புரிகிறது. சொல்லத்தான் வழியில்லை."

எல்லாம் புரிகிறது. அப்படியானால் இந்த இரண்டு மாதமும் இவர்கள் பேசியது அத்தனையும்...

திரும்பும் வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

நவம்பர் 10

கும்பகோணத்துக்கு நானே எழுதினேன். முன்கடிதத்தில் தவறு என்னுடையது; தெரியாத சொல்லைத் தெரிந்ததுபோல் எழுதினேன்; என் தாயார் பேச்சு மட்டும் இழந்தவர், புத்தி முழுதும் தெளிந்தவர். டாக்டரின் படத்தையும் பார்த்து வரைந்து வைத்தேன். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். 'இதில் என் தகப்பனார் மேல் குற்றமில்லை' என்ற வரி வந்ததும் காகிதத்தின் மேல் பட்டென்று அடித்தாள். "தா! தா!" இன்னொரு அடி. அந்த வரியைக் கோடு போட்டு அடித்தேன். அப்புறம்தான் கையை எடுத்தாள்.

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அப்புறம் அழுதோம்.

பவானிபூர் தபாலாபீசில் நானே போட்டேன்.

நவம்பர் 23, செவ்வாய்

பதில் வந்தது, அப்பா பேருக்கு. 'புத்தி சுவாதீனமாக இருக்கும் சுமங்கலியின் வீட்டுக்கு என் பெண்ணை அனுப்ப மாட்டேன். உங்கள் குமாரத்தி எழுதியதற்கு நன்றி.'

சித்தப்பா குதித்தார். "பொட்டச்சிக்குப் படிப்பு எதுக்குன்னு அன்னிக்கே சொன்னேன்!" இந்தத் தடவை எனக்கு வாய் வந்தது. சொன்னேன்: "அம்மாவுக்குக் காது கேக்கறது, சித்தப்பா. பாத்துப் பேசுங்கோ." அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அப்பா கடிதத்தைப் பஞ்சாங்கத்துக்குள் வைத்தார். என் கோபம் ஆறவில்லை. ஆற வேண்டிய அவசியமும் இல்லை.

சாப்பிடும்போது அம்மாவின் பக்கம் திரும்பி, தலையைக் குனிந்தபடி, "ரசத்துல உப்பு போறுமா?" என்று கேட்டார். கேட்டுவிட்டுக் காத்திருந்தார்.

அம்மா சாவகாசமாக இன்னொரு வாய் சாப்பிட்டாள். அப்புறம், போதாது என்று தலையாட்டினாள்.