ரோட்டுக்கு மேல் பக்கம்

மே 19, திங்கள்

காலையிலிருந்து தூறல். கொழுந்து எடுக்கப் போகிற வழியில் எஸ்டேட் ஆபீஸ் பலகையில் மலையாள நோட்டீஸ். எனக்கு அந்தப் பேச்சு புரியும், எழுத்து தெரியாது. சூப்பர்வைசர் படித்துச் சொன்னார். பள்ளிக்கூட எல்லையை மாற்றிவிட்டார்களாம். ரோட்டுக்குக் கீழே உள்ள லய வீடுகளுக்குப் பழைய தமிழ்ப் பள்ளி. மேலே உள்ளவர்களுக்கு மேட்டுப் பள்ளி. அங்கே மலையாளம் மட்டும்தான்.

எங்கள் லயம் மேலே. என்னோடு கொழுந்து எடுக்கும் ராணி அக்கா லயம் கீழே. நடுவில் ஒரு ஜீப் போகிற அகலம்.

மகள் காவ்யா மூன்றாம் வகுப்புக்குப் போகிறாள். இப்போதுதான் எழுத்துக்கூட்டாமல் தமிழ் வாசிக்க வந்திருக்கிறது.

வாங்க: குடை, தலைவலித் தைலம், ரப்பர் செருப்பு.

மே 22, வியாழன்

பழைய பள்ளியில் பெற்றோர் கூட்டம். கல்வி ஆபீசர் வந்திருந்தார். "குட்டிகள் குறவாணு" என்று ஆரம்பித்தார். பிள்ளைகள் குறைவாம், மேட்டுப் பள்ளியும் பிழைக்க வேண்டுமாம்.

எழுந்து நின்று கேட்டேன். "கூரை ஒழுகுதுன்னு எத்தன தடவ எழுதிக் குடுத்தோம்? அப்ப ஒருத்தரும் வரல. கோடு போட மட்டும் வந்துட்டீங்களே?" கைதட்டல்.

வீட்டுக்கு வந்த பிறகு வெட்கம். போன வருஷம் இதே பள்ளியை நான் திட்டாத நாள் இல்லை. டீச்சர் லீவு, கக்கூசுக்குக் கதவு இல்லை. டவுனில் இங்கிலீஷ் மீடியத்தில் சேர்க்கச் சொல்லி இவரோடு சண்டை வேறு. இன்று "எங்க பள்ளிக்கூடம், எங்க பள்ளிக்கூடம்" என்று கத்தித் தொண்டை கட்டிவிட்டது.

இவர் சிரிக்கிறார். எரிச்சல்.

மே 24, சனி

எல்லையை மாற்றக் கூடாது என்று மனு எழுதிக் கையெழுத்து வாங்கினேன். ராணி அக்கா மட்டும் போடவில்லை.

"கிளறாத செல்வி. ரொம்பக் கேட்டா மொத்தமா மூடிட்டு எல்லாரையும் மேல அனுப்பிருவாங்க. எம் புள்ளைக்காவது இது இருக்கட்டும்."

"அப்ப எம் புள்ள?"

"நான் என்ன செய்ய முடியும், சொல்லு."

கூடையைத் தூக்கிக்கொண்டு வேறு வரிசைக்குப் போய்விட்டேன். மதியம் தனியாகச் சாப்பாடு. இத்தனை வருஷத்தில் முதல் தடவை.

மே 28, புதன்

லீவு போட்டு, இரண்டு பஸ் மாறி, மனுவோடு கல்வி ஆபீஸ். கிளார்க் மரியாதையாகத்தான் பேசினார். "எந்த ஸ்கூல்ல வேணும்னாலும் சேக்கலாம் சேச்சி. யாரும் தடுக்க மாட்டாங்க. ஆனா ஸ்கூல் பஸ், எல்லைக்கு உள்ள இருக்கிற பிள்ளைங்களுக்கு மட்டும்தான்."

பழைய பள்ளிக்கு மூன்று கிலோமீட்டர். தேயிலைக்குள் காட்டெருமை. காலையில் நான் மலையில் நிற்க வேண்டும். இவர் டூரிஸ்ட் ஜீப் ஓட்ட விடியும் முன்பே போய்விடுவார். சேர்க்கலாமாம்! எப்படிப் போவாள் என்றுதான் கேட்கக் கூடாது.

மனுவை வாங்கி ஒரு அடுக்கின் மேல் வைத்தார். பெரிய அடுக்கு.

மே 30, வெள்ளி

காவ்யாவோடு மேட்டுப் பள்ளி. குறை கண்டுபிடிக்கத்தான் போனேன். கூரை ஒழுகவில்லை. கக்கூசுக்குக் கதவு, உள்ளே தாழ்ப்பாள், தண்ணீர். புத்தக அலமாரி. எனக்குக் கோபம்தான் கூடியது. மோசமான பள்ளியாக இருந்தால் தைரியமாகச் சண்டை போடலாம்.

"தமிழ் உண்டா டீச்சர்?"

"இல்லை சேச்சி. தமிழுக்கு டீச்சர் இல்லை. குட்டி வேகம் படிச்சோளும்." சீக்கிரம் கற்றுக்கொள்வாளாம். நல்ல முகம் அந்த டீச்சருக்கு. அதனால் என்ன?

காவ்யா ஊஞ்சலிலிருந்து இறங்கவே இல்லை.

ஜூன் 2, திங்கள்

பள்ளி திறப்பு. மழை. பழைய பள்ளி பஸ் முதலில் வந்தது. ராணி அக்கா மகளை ஏற்றிவிட்டு, ரோட்டைக் கடந்து வந்து காவ்யா கையைப் பிடித்தாள். டிரைவரிடம், "இவளும் எங்க லயத்துப் புள்ளதான், ஏத்திக்கோங்க."

பொய். டிரைவர் பட்டியலைப் பார்த்தார். பேர் இல்லை. கதவு மூடியது.

"கேட்டுப் பாத்தேன் செல்வி."

"பாத்தேங்க்கா."

ஒரே குடையில் நின்றோம். கொஞ்ச நேரத்தில் மேட்டுப் பள்ளி பஸ். "ஏறட்டாம்மா?" என்றாள் காவ்யா. தலையாட்டினேன். ஜன்னலோர சீட்டைப் பிடிக்கும் அவசரம், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஜூன் 5, வியாழன்

மழை விடவில்லை. மனுவுக்குப் பதில் இல்லை. அடுத்த வாரம் மறுபடி போக வேண்டும். ராணி அக்காவும் வருகிறாளாம்.

காவ்யா நோட்டைத் திறந்து பார்த்தேன். ஒரு பக்கம் முழுக்க மலையாளம். வட்டம் வட்டமாக, அழகாக எழுதியிருக்கிறாள். கீழே டீச்சர் சிவப்பு மையில் ஏதோ எழுதியிருந்தார். போன மாதம் வரை அவள் எழுதியதில் தப்பைக் கண்டுபிடித்தது நான்.

"இதுல என்ன போட்டிருக்காங்க?"

"நல்லா எழுதியிருக்கேன்னு போட்டிருக்காங்கம்மா."

அப்படித்தான் இருக்கும்.